காதுகுத்துக்கு முன் ஆபரேஷனை முடித்துவிட வேண்டுமா?

கொங்கு வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

முதல் குழந்தை, பையன். இப்போது 10 மாதம். பிறந்த அன்றே குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, சிறுநீர் வரும் துளை நுனியில் இல்லை, சற்றுக் கீழே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஹைப்போஸ்பேடியாஸ்' என்று எழுதியிருக்கிறது. பிறகு நகரத்தில் ஒரு சர்ஜனிடம் காட்டினார்கள். "சின்ன ஆபரேஷன்தான், ஒரு வயசுக்குள்ள முடிச்சிடலாம்" என்று சொல்லி அவர் அடுத்த மாதம் தேதியும் கொடுத்துவிட்டார். இன்னொரு டாக்டரோ, "லேசானதுதான், அப்படியே விட்டுவிடலாம்" என்கிறார்.

கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். போனில் பேசும்போதெல்லாம், "இப்ப என்ன அவசரம்? மயக்க மருந்து குடுத்தா மூளைக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்கிறார். அவருக்குச் செலவு செய்ய மனசில்லை என்று இந்தத் தாய் நினைக்கிறார். மாமியாருக்கு, இது வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. இரண்டாம் மாதத்தில் ரத்தக் கசிவு வந்தபோது மருமகள் சாப்பிட்ட மாத்திரைதான் இதற்கெல்லாம் காரணம் என்றும் அவர் சொல்கிறார். ஒரு வயதானதும் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருக்கிறார்கள். அன்று குழந்தையைக் குளிப்பாட்டும்போது சொந்தபந்தம் எல்லாம் பார்த்துவிடுமே, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுதான் இவருடைய தவிப்பு. கடைசியாக மூன்று கேள்விகள்: "இவனுக்கு நாளைக்குக் கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகுமா? இவன் முழுசா ஆண்தானா? ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா, டாக்டர், நீங்களே சொல்லிவிடுங்கள்."

அன்புள்ள சகோதரி,

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது முதல் இரண்டு கேள்விகள்தான் என்று தெரிகிறது. அதனால் அவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் குறிப்பிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்து எழுதியிருக்கிறீர்கள்: துளை உறுப்பின் நுனியான மொட்டுப் பகுதிக்குச் சற்றே கீழே இருக்கிறது, இரண்டு விரைகளும் பையில் இறங்கியிருக்கின்றன, உறுப்பில் லேசான வளைவு இருக்கலாம். துளை இவ்வளவு மேலே, நுனிக்குப் பக்கத்தில் இருந்து, விரைகள் இரண்டும் இறங்கியிருந்தால், குழந்தை ஆண் என்பதில் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் வராது. துளை மிகவும் கீழே, விதைப்பையின் அருகே இருந்து, விரையும் கைக்குத் தட்டுப்படாத குழந்தைகளுக்குத்தான் குரோமோசோம், ஹார்மோன் பரிசோதனை எல்லாம் தேவைப்படும். உங்கள் பையனுக்கு அது தேவையில்லை. யாராவது கிசுகிசுத்தால் இதையே அவர்களிடமும் சொல்லுங்கள்.

கல்யாணம், குழந்தை பற்றி. விந்தணு உருவாகும் இடம் விரை. சிறுநீர்த் துளை எங்கே இருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. துளை மொட்டின் பக்கத்தில் இருக்கும் ஆண்களில் மிகப் பெரும்பாலோர் ஆபரேஷன் செய்யாமலேயே தகப்பன் ஆகிறார்கள். வளைவு அதிகமாக இருந்தால் வளர்ந்த பிறகு உடலுறவில் சிரமம் வரலாம். ஆகவே உங்கள் பையன் விஷயத்தில் துளையைவிட வளைவைத்தான் நான் உற்றுப் பார்ப்பேன். வளைவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாத்திரை பற்றிய பழி

கர்ப்பத்தின் 8-ஆவது வாரத்துக்கும் 14-ஆவது வாரத்துக்கும் இடையில் ஆண் குழந்தையின் உறுப்பு வடிவம் பெறுகிறது. அடிப்பக்கம் திறந்த வாய்க்காலாக இருப்பது, கீழிருந்து நுனி வரை மெல்ல மூடிக்கொண்டே வரும். ஏதோ ஒரு கட்டத்தில் அது நின்றுவிட்டால், நின்ற இடத்தில் துளை அமைந்துவிடுகிறது. முன்தோலும் முழு வட்டமாக மூடாமல் மேல்பக்கம் மட்டும் முக்காடு போட்டதுபோல் நிற்கும். ஏறத்தாழ 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி அமைகிறது. உங்கள் தாலுகாவிலேயே இப்படிப் பிறந்தவர்கள் பலர் இருப்பார்கள். யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் நிற்கிறது? பெரும்பாலான குழந்தைகளில் காரணத்தைக் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. சில குடும்பங்களில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்திருக்கும், எடை குறைந்து பிறந்த குழந்தைகளில் சற்று அதிகம். கர்ப்பத்தைத் தக்கவைக்கக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரைகளையும் ஆராய்ச்சியாளர்கள் சந்தேகித்து ஆராய்ந்திருக்கிறார்கள், உறுதியான விடை கிடைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட குழந்தையைக் காட்டி, இந்த மாத்திரையால்தான் இது வந்தது என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. ரத்தக் கசிவு வந்தபோது, டாக்டர் சொன்னபடி, கர்ப்பத்தைக் காப்பாற்றத்தான் அதைச் சாப்பிட்டீர்கள். அம்மா, இந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தன் தவறு என்று நம்பும் தாய் அதைச் சீக்கிரம் திருத்திவிடத் துடிப்பாள். அந்தத் துடிப்பில் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கக் கூடாது.

இரண்டு டாக்டர்கள், இரண்டு பதில்

இருவரில் ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்று எண்ணிக் குழம்பியிருக்கிறீர்கள். இந்த அளவு லேசான நிலையில் இரண்டுமே ஏற்கத்தக்க பதில்கள்தான். துளை தண்டின் நடுவிலோ அடியிலோ இருந்து, வளைவும் தெளிவாக இருந்தால், 'செய்யுங்கள்' என்றுதான் ஏறக்குறைய எல்லா சர்ஜன்களும் சொல்வார்கள். அந்தப் பையனால் நின்றுகொண்டு நேராகச் சிறுநீர் கழிக்க முடியாது, பின்னாளில் தாம்பத்தியத்திலும் சிரமம் வரும். மொட்டின் விளிம்பில் துளை இருக்கும் பையனின் கதை வேறு. ஜெர்மனியில் 500 ஆண்களைப் பரிசோதித்து 1995-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் இந்தக் குறைக்காக வந்தவர்கள் இல்லை, வேறு காரணத்துக்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள். அவர்களில் 13 சதவீதம் பேருக்குத் துளை வழக்கமான இடத்தில் இல்லை, கீழே தள்ளியிருந்தது. ஆனாலும் ஏறக்குறைய எல்லோரும் நின்றபடி சிரமமில்லாமல் சிறுநீர் கழித்தார்கள். தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆகவே உங்கள் பையனுக்கு ஆபரேஷன் செய்வதில் இரண்டு வகை நோக்கங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று பயன்பாடு: சிறுநீர் நேராகப் போவது, வளைவு நிமிர்வது. இன்னொன்று தோற்றம்: மற்றப் பையன்களைப் போல் இருப்பது. தோற்றத்துக்காகச் செய்வது கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக் கழிப்பறையில் ஒரு பையன் கூசி நிற்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் எந்த நோக்கத்துக்காகச் செய்கிறோம் என்று பெற்றோருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. காலையில் தூங்கி எழும்போது குழந்தைக்கு உறுப்பு விறைத்திருக்கும். அப்போது பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். வளைவு எவ்வளவு என்று சர்ஜனுக்கு அது நன்றாகக் காட்டிவிடும். படத்தை உங்கள் போனிலேயே நேரில் காட்டிவிட்டு உடனே அழித்துவிடுங்கள். யார் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், மருத்துவமனை ஊழியராகவே இருந்தாலும். அப்புறம், டயப்பர் இல்லாத நேரத்தில் சிறுநீர் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். நேராகப் போகிறதா, காலில் வழிகிறதா, சிதறுகிறதா, நூல்போல் மெலிந்து வருகிறதா?

என் சாய்வையும் மறைக்கவில்லை. வளைவு 30 டிகிரிக்கு மேல் இருந்தாலோ, சிறுநீர் கீழ்நோக்கிப் போனாலோ, செய்துகொள்ளுங்கள் என்பேன். வளைவு இல்லை, சிறுநீரும் நேராகப் போகிறது என்றால், ஆபரேஷன் கட்டாயம் இல்லை என்று தயங்காமல் சொல்வேன். பிறகு அது உங்கள் இருவரின் முடிவு. அப்போது நான் 'செய்' என்றாலும் 'செய்யாதே' என்றாலும், என் விருப்பத்தை உங்கள் பையன் மேல் திணித்ததாகத்தான் ஆகும்.

"சின்ன ஆபரேஷன்" என்பது

கத்தி வைக்கும் இடம் சின்னதுதான். தங்கும் நாட்களும் குறைவுதான். ஆனால் வேலை நுணுக்கமானது. இந்த வகைக்கு இன்று பரவலாகச் செய்யப்படும் முறையை அமெரிக்க சர்ஜன் வாரன் ஸ்னாட்கிராஸ் 1994-இல் வெளியிட்டார். துளைக்கு மேலே இருக்கும் தோல்பட்டையை நடுவில் கீறி விரித்து, குழாயாகச் சுருட்டி, மெல்லிய நூலால் தைத்து, துளையை நுனிக்குக் கொண்டுவருவார்கள். வளைவு இருந்தால் அதையும் அப்போதே நிமிர்த்துவார்கள். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். பெரும்பாலும் ஒரு மெல்லிய டியூப் வைத்து அனுப்புவார்கள். சுமார் ஒரு வாரம் அது இருக்கும். இரண்டு டயப்பர் மாட்டச் சொல்வார்கள்: உள் டயப்பர் மலத்துக்கு, அதில் ஓட்டை போட்டு டியூபை வெளியே எடுத்து, சிறுநீர் வெளி டயப்பரில் வடியும்படி. அந்த ஒரு வாரம் வீட்டில் உங்களோடு இன்னொரு கை கட்டாயம் வேண்டும். குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. கணவர் ஊரில் இல்லாத நேரத்தில், வெளியே யாருக்கும் தெரியாமல், நீங்கள் ஒருவராகவே இதைச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள்.

துளை மேலே இருக்கும் வகையில், நல்ல அனுபவமுள்ள கைகளில், நூறு குழந்தைகளில் 5 முதல் 10 பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வருகிறது. தையல் இடத்தில் சிறு ஓட்டை விழுந்து அதன் வழியாகச் சிறுநீர் கசியலாம். புதுத் துளை சுருங்கிப்போகலாம். மொட்டுத் தையல் பிரியலாம். இவற்றைச் சரிசெய்ய இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம், அதுவும் புண் நன்றாக ஆறி, தோல் இளகிய பிறகு, குறைந்தது ஆறு மாதம் கழித்து. சில சிக்கல்கள் வருடங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும் என்பதால் பையன் பெரியவனாகும் வரை அவ்வப்போது காட்ட வேண்டும்.

முன்தோல் பற்றிப் பலரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல சமயம் முன்தோலை நீக்கிவிடுவார்கள், அல்லது தைப்பதற்குப் பயன்படுத்திக்கொள்வார்கள். ஆறிய பிறகு பார்த்தால் சுன்னத் செய்ததுபோல் இருக்கும். முஸ்லிம் குடும்பங்களில் இது ஒரு பொருட்டாக இருக்காது (அவர்களுக்கு நான் சொல்வது, சர்ஜன் பார்க்காமல் சுன்னத் மட்டும் செய்துவிடாதீர்கள், அந்தத் தோல் பின்னால் தேவைப்படும்). உங்கள் வீட்டில் இது முன்பே தெரியாமல் கட்டுப் பிரிக்கும் நாளில் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். முன்தோலைத் திரும்பச் சேர்த்துத் தைக்கும் முறையும் உண்டு. எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது, கேட்டுப் பாருங்கள்.

கனடாவில், இதேபோல் துளை மேலே இருந்த பையன்களுக்கு ஆபரேஷன் செய்த பெற்றோரிடம் பின்னர் விசாரித்திருக்கிறார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓரளவாவது வருத்தம் இருந்தது, பெரும்பாலும் லேசான வருத்தம்தான். முடிவெடுக்கும்போதே மனம் இரண்டுபட்டிருந்தவர்களிடமும், பின்னர் சிக்கல் வந்தவர்களிடமும், முன்தோலை இழக்க விரும்பாதவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. ஆபரேஷன் தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அரைமனதோடு போய்ப் படுக்க வைக்காதீர்கள் என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

இப்போதா, பிறகா?

"ஒரு வயதுக்குள் செய்யாவிட்டால் முடியாமலே போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. 6 மாதத்திலிருந்து 18 மாதம் வரை வசதியான காலம் என்று சொல்வது உண்மை. டயப்பரில் இருக்கும் வயது, காயம் சீக்கிரம் ஆறும், குழந்தைக்கு நினைவும் இருக்காது. ஆனால் 12-ஆவது மாதம் முடிந்த அன்று கதவு மூடிவிடுவதில்லை. உங்களுக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது.

மறுபக்கம், "வளர்ந்தால் தானே சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். துளை தானாக நகராது. மூன்று நான்கு வயது வரை இழுத்து அப்போது செய்வதை நான் விரும்புவதில்லை. அந்த வயதில் பயம் புரியும், காரணம் புரியாது, டியூபைப் பிடுங்குவான், நினைவும் தங்கிவிடும். உங்கள் பையனுக்கு வளைவு இல்லை என்று உறுதியானால் இன்னொரு வழி இருக்கிறது: விட்டுவிட்டு, அவன் வளர்ந்து தானே கேட்கும் வயதில் அவனையே முடிவு செய்யச் சொல்வது. அதில் அவன் உடம்பைப் பற்றிய முடிவு அவனிடமே இருக்கும். ஆனால் வாலிப வயதில் செய்தால் வலி அதிகம், ஆறுவதற்கு நாளாகும், சிக்கலும் கூடுகிறது என்று பல மருத்துவமனைகளின் அனுபவம் சொல்கிறது. இரண்டு பக்கமும் விலை இருக்கிறது. எந்த விலையைக் கொடுக்கத் தயார் என்பதை நீங்கள் இருவரும்தான் சொல்ல முடியும்.

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு (ஆணா பெண்ணா என்று பிறப்பில் தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்புள்ளவர்களுக்கு) பாலினத்தைத் தீர்மானிக்கும் அறுவை செய்யக் கூடாது என்று சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி அதைத் தடைசெய்து ஆணை போட்டது. உங்கள் பையன் இடைப்பாலினக் குழந்தை இல்லை, அந்தத் தடை இவனுக்குப் பொருந்தாது. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அடியில் இருக்கும் எண்ணம் உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்: அவசரமில்லாத ஒன்றில், பேச முடியாத குழந்தையின் உடம்பில் கை வைக்கும் முன், இது அவனுக்காகவா, நமக்காகவா என்று கேட்டுக்கொள்வது.

உங்களுக்கும் அவருக்கும் நடுவே

கணவருக்குச் செலவு செய்ய மனசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மயக்க மருந்தும் மூளையும்தான் இருக்கிறது. அவர் பயப்படுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்களோ ஊர் வாய்க்குப் பயப்படுகிறீர்கள். இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றி வாதாடுவதாக நினைத்து, வேறு வேறு பயங்களைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் ஒவ்வொரு போனும் சண்டையில் முடிகிறது.

அவருடைய கேள்வி நியாயமானது. 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, பல தடவையோ மயக்க மருந்து கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று எச்சரித்தது. பிறகு 2019-இல் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஒரு ஆய்வு வெளிவந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக மயக்கத்தில் இருந்தவர்களையும், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு விழித்தபடியே ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் 5 வயதில் ஒப்பிட்டார்கள். அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் பையனுக்கு ஆகும் நேரம் இந்த இரண்டுக்கும் இடையில் வருகிறது. அதனால் மயக்க மருந்துக்குப் பயந்து தேவையான ஆபரேஷனைத் தள்ள வேண்டியதில்லை. அதே நேரம், தேவையா என்று யோசிக்கும்போது கணக்கில் வைக்க வேண்டிய ஒன்றுதான். இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று செய்யுங்கள். நீங்கள் தனியாக, அவர் தனியாக, ஒரு தாளில் இரண்டு பதில் எழுதுங்கள். ஆபரேஷன் செய்தால் எனக்கு இருக்கும் பெரிய பயம் என்ன? செய்யாவிட்டால் இருக்கும் பெரிய பயம் என்ன? எழுதிவிட்டு மாற்றிப் படியுங்கள். அன்றைக்கே முடிவு எடுக்க வேண்டாம். அடுத்த முறை சர்ஜனைப் பார்க்கப் போகும்போது கணவரை வீடியோ காலில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்குங்கள். அப்பா கேட்க வேண்டியதை அப்பாவே கேட்கட்டும். டாக்டர் சொன்னதை நீங்கள் கேட்டு, பிறகு போனில் அவருக்குச் சொல்லும்போது பாதி விழுந்துவிடும். போதாததற்கு டாக்டர் சொன்னதற்கெல்லாம் நீங்கள் வக்காலத்து வாங்க வேண்டிவரும். மாமியாரையும் ஒரு முறை கூட்டிப்போங்கள். மாத்திரை பற்றி அவர் டாக்டரிடம் நேராகக் கேட்டுக்கொள்ளட்டும்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை

• என் பையனுக்கு வளைவு எவ்வளவு? ஆபரேஷன் செய்யாமல் விட்டால் இவனுக்கு என்ன நடக்கும்?

• இந்த ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா? உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு மறுபடி செய்ய வேண்டி வந்தது? (கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். இதைத் தொடர்ந்து செய்பவர் கோபப்பட மாட்டார்.)

• முன்தோல் இருக்குமா, போகுமா?

• மயக்கம் எவ்வளவு நேரம்? குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் இருப்பாரா?

• நடு ராத்திரியில் டியூப் அடைத்தாலோ கழன்றாலோ யாருக்குப் போன் செய்வது?

கையெழுத்தும் செலவும்

குழந்தைக்காகப் பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட்டாலே மருத்துவமனைகள் ஏற்றுக்கொள்ளும். "அவர் இல்லாமலே போட்டுவிடலாமா?" என்று தயக்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் செய்யாதீர்கள். உயிர் போகும் அவசரம் என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம் என்பேன், இது அப்படி இல்லை. நூற்றில் அந்த 5, 10 பேரில் உங்கள் பையனும் ஒருவனாகிவிட்டால், "நான் அப்பவே சொன்னேனே" என்ற ஒரே வார்த்தை உங்கள் வீட்டில் காலத்துக்கும் நிற்கும்.

ஒப்புதல் படிவத்தைக் கடைசி நிமிடத்தில் நீட்டினால் வாங்கிப் படிக்க நேரம் கேளுங்கள், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: என்ன சிகிச்சை, அதன் ஆபத்துகள் என்ன, மாற்று வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் போதுமான அளவு சொன்ன பிறகு கொடுக்கும் சம்மதம்தான் சம்மதம். வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க விரும்பினால் சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

பணம் உண்மையிலேயே ஒரு கவலையாக இருந்தால், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும், பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைகள் அறுவைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள்.

காதுகுத்து

காதுகுத்து தேதிக்கும் ஆபரேஷன் தேதிக்கும் முடிச்சுப் போடாதீர்கள். சொல்லப்போனால், ஆபரேஷன் முடிந்து சில வாரத்தில் கோயில் கூட்டம், வெயில், ஆற்றுக் குளியல் என்று குழந்தையைக் கொண்டுபோவதுதான் சரியில்லை. அன்று மொட்டை அடித்ததும் நீங்களோ உங்கள் அம்மாவோ குளிப்பாட்டி, ஒரு ஜட்டியைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. யாராவது பார்த்துக் கேட்டால், "பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருக்கு, டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கோம்" என்ற ஒரு வரி போதும். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பையனின் அந்தரங்கம் அது, காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் காப்பாற்றுவதும் வெட்கப்படுவதும் ஒன்றல்ல. நீங்கள் வெட்கப்பட்டு மறைத்தால் அந்த வெட்கத்தை அவனும் கற்றுக்கொள்வான்.

எந்த முடிவு எடுத்தாலும் அவனிடம் ஒருநாள் சொல்லியாக வேண்டும். செய்யாமல் விட்டால், தன் உறுப்பு ஏன் இப்படி என்று அவன் தனியாகப் புழுங்கக் கூடாது. செய்திருந்தால், அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்கைந்து வயதிலேயே சாதாரணமாக, "நீ பிறக்கும்போது துளை கொஞ்சம் கீழே இருந்தது" என்று ஆரம்பிக்கலாம். பள்ளிப் பருவம் முடிவதற்குள் மருத்துவச் சீட்டுகளை அவன் கையில் கொடுத்து முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த மாதத் தேதியைத் தள்ளி வையுங்கள். சர்ஜனிடம் போய், "இன்னும் முடிவு பண்ணலைங்க டாக்டர், வீட்டுக்காரரோட சேர்ந்து ஒரு தடவை பேசிட்டுச் சொல்றோம்" என்று சொன்னால் போதும். விறைத்தபோது எடுத்த படத்தோடும், உங்கள் இருவரின் கேள்விகளோடும் மறுபடி போங்கள். அடுத்த விடுமுறைக்குக் கணவர் எப்போது வருகிறார் என்று பாருங்கள். 18 மாதத்துக்குள் அந்த விடுமுறை வருமானால், செய்வதாக முடிவானாலும், அவரும் பக்கத்தில் இருக்கும்போதே வைத்துக்கொள்ளலாம். இதற்கிடையில் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, முக்கி அழுதுகொண்டே கழித்தாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலோ, யாருக்காகவும் காத்திருக்காமல் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.